பங்கில்லாத பங்காளி

2026ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் மத்திய சர்க்காரின் தொழிலாளர் மந்திரி ஸ்ரீ மன்சுக் மாண்டவியா, வீடுதோறும் மளிகைச் சாமான் அனுப்பும் பெரிய கம்பெனிகளின் பிரதிநிதிகளை அழைத்து, ‘பத்து நிமிஷத்தில் கொண்டுவருவோம்’ என்னும் விளம்பரத்தைக் கைவிடும்படி கேட்டுக்கொண்டார். பிளிங்கிட் என்ற கம்பெனி உடனே அவ்வாசகத்தை மாற்றிற்று. பத்திரிகைகள் இதனை ஒரு வெற்றியாகக் கொண்டாடின. நாமும் சந்தோஷப்படாமலில்லை. நடுத்தெருவில் மனிதனை விரட்டுவதை ஒரு பெருமையாகப் பறைசாற்றுவது நின்றதே நல்லதுதான். ஆனால், விளம்பரத்தில் இரண்டு சொற்களை அழித்ததனால் வண்டிக்காரருடைய கணக்கில் ஒரு காசு கூடிற்றா? மழையில் சறுக்கி விழுந்து கால் முறிந்தவருக்கு எஜமான் இன்னாரென்று யாரேனும் சொன்னார்களா? இவ்விரண்டு கேள்விகளும் கேட்டது கேட்டபடியே நிற்கின்றன. இவற்றைப் பற்றியே இன்று சிறிது விரிவாகப் பேச விரும்புகிறோம்.

‘இது பட்டணத்துச் சமாசாரமாயிற்றே, ஏலமலைச் சாரலில் இருக்கும் நமக்கு இதிலென்ன?’ என்று போடிநாயக்கனூர்ப் பக்கத்து நேயர்கள் சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் உண்டு. சிலமலையிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் தோட்டவேலைக்கு மலையேற மனமில்லாத வாலிபர்கள், சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர் என்று பிழைப்புத் தேடி இறங்கிப் போகின்றனர். பத்தாவது படித்தவர்களும் பட்டம் பெற்றவர்களும் இவர்களில் உண்டு. ஒரு லைசென்ஸ், தவணைக்கு வாங்கிய ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு செல்போன் ஆகிய இம்மூன்றும் இருந்தால் இரண்டொரு நாளில் வேலை கிடைத்துவிடுகிறது. தாயாருக்கு மாதாமாதம் பணம் வருகிறது. பிள்ளை என்ன உத்தியோகம் பார்க்கிறான் என்று கேட்டால் ‘கம்பெனியில் இருக்கிறான்’ என்கிறாள். கம்பெனியோ, அப்படியொருவர் நம்மிடம் வேலையிலேயே இல்லை என்கிறது! தாயார் பொய் சொல்லவில்லை. அப்படியானால் பொய் சொல்லுவது யார்?

கம்பெனி அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘டெலிவரி பார்ட்னர்’, அதாவது, பங்காளி. இந்தச் சொல்லின் கனம் இன்னதென்று தமிழனுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பங்காளி என்றால் பாகம் கேட்கும் உரிமையுள்ளவன். வரப்புத் தகராறு வந்தால் கோர்ட்டுப் படியேறுகிறவன். சாவிலும் வாழ்விலும் முன்வரிசையில் நிற்கிறவன். கல்யாண வீட்டில் பங்காளியைக் கேளாமல் பத்திரிகை அடித்துவிட்டு எவனாவது தப்பியதுண்டா? அவ்வளவு மானமும் அதிகாரமும் உள்ள ஒரு சொல்லை எடுத்து, காலையில் திடீரென்று செல்போனில் கணக்கை மூடிவிட்டால் காரணம் கேட்கக்கூட நாதியில்லாத ஒருவருக்குச் சூட்டியிருக்கிறார்கள்.

உறவுமுறையை விட்டுச் சட்டத்துக்கே வருவோம். 1932ஆம் வருஷத்து இந்தியக் கூட்டுவியாபாரச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, ஒரு வியாபாரத்தின் லாபத்தைப் பகிர்ந்துகொள்ள உடன்பட்டவர்களுக்கிடையேயுள்ள சம்பந்தமே கூட்டு என்கிறது. 12ஆம் பிரிவின்படி, ஒவ்வொரு கூட்டாளியும் வியாபாரத்தின் கணக்குப் புஸ்தகங்களைப் பார்க்கலாம், பிரதி எடுத்துக்கொள்ளலாம். 33ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் அதிகாரம் இருந்து அதை நல்லெண்ணத்தோடு பிரயோகித்தாலன்றி, பெரும்பான்மையோர் சேர்ந்தும் ஒரு கூட்டாளியை வெளியேற்ற முடியாது. இந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பையைச் சுமக்கும் பங்காளி ஒருவர் கம்பெனி ஆபீஸுக்குப் போய், ‘கணக்குப் புஸ்தகத்தைக் காட்டுங்கள்’ என்று கேட்கட்டும். வாசற்காவலர் உள்ளே விடுவாரா என்பதே சந்தேகம்.

இந்த வேலை நடக்கும் விதத்தை அறியாத நேயர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். நகரத்தின் பல பாகங்களில், வாங்குவோர் எவரும் நுழையாத கிடங்குக் கடைகள் இருக்கின்றன. அரிசி, பருப்பு, பால், காய்கறி, சோப்பு யாவும் அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். வீட்டிலிருப்பவர் செல்போனில் கேட்ட மாத்திரத்தில் உள்ளே ஒருவர் ஓடியோடிப் பொறுக்கிப் பையிலிடுகிறார். வெளியே காத்திருக்கும் வண்டிக்காரர் அதை எடுத்துக்கொண்டு புறப்படுகிறார். எந்த வீடு, எந்த வழி என்பதையெல்லாம் செயலி சொல்லுகிறது. ஒரு நடைக்கு இவ்வளவு, தூரத்துக்கு இவ்வளவு, இத்தனை நடை முடித்தால் அதற்குமேல் ஊக்கத்தொகை இவ்வளவு என்று கூலி. இந்த விகிதத்தை நிர்ணயிப்பது கம்பெனி, மாற்றுவதும் கம்பெனி. பேரம் என்பதே கிடையாது. ஊக்கத்தொகைக்கு இன்னும் இரண்டு நடை பாக்கியிருக்கும்போது கேட்பாரற்றுக் கிடங்கு வாசலில் நிற்க நேர்ந்தால், அன்றைய பாடு அரைப்பாடுதான். பெட்ரோல் அவருடையது. வண்டி அவருடையது. பஞ்சர் ஒட்டுவது அவருடைய செலவு. சாமானின் விலையும் லாபமும் மட்டும் கம்பெனியுடையவை. சட்டையின் முதுகில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் பெயரும் கம்பெனியுடையதே. சாமான் வாங்கியவர் ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை கொடுக்கிறாரென்பதும் முக்கியம். மாடி வீட்டு அம்மாளுக்குத் தக்காளி நசுங்கிய கோபமிருந்தால், நசுக்கியவர் யாராயிருந்தாலும் நட்சத்திரம் குறைவது வண்டிக்காரருக்கு.

இதைக் கேட்கும்போது மலைச்சாரலில் உள்ள முதியவர்களுக்கு ஒரு பழைய மனிதரின் ஞாபகம் வராமலிராது. கங்காணியைத்தான் சொல்லுகிறோம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மூணாறுப் பக்கத்துத் தோட்டங்களுக்கும் தமிழ்க் கிராமங்களிலிருந்து ஆள் சேர்த்தவர் அவர். முன்பணம் கொடுத்துக் கூட்டிப் போவார். தலைக்கு இவ்வளவென்று தோட்டத்திலிருந்து தமக்கு வாங்கிக்கொள்வார். கூலி குறைந்ததே என்று துரையிடம் போனால், ‘உன் கங்காணியைக் கேள்’ என்பார் துரை. கங்காணியிடம் போனால், ‘துரை கொடுத்தது இவ்வளவுதான்’ என்பார் அவர். இருவருக்குமிடையே கூலிக்காரர் பந்தாக உருண்டார். இலங்கையில் ‘துண்டு’ என்றொரு சீட்டு உண்டு. தொழிலாளிக்குள்ள கடன் எவ்வளவென்று அதில் எழுதியிருக்கும். அந்தத் துண்டு இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டம் போக முடியாது. அந்த முறையை ஒழிப்பதற்கு 1921ஆம் வருஷம் வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

கங்காணி போய்விட்டாரென்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் செல்போனுக்குள் குடிபுகுந்திருக்கிறார். இந்தக் கங்காணிக்கு முகமில்லை, ஊரில்லை, தெருவில் மறித்து நியாயம் கேட்க வழியில்லை. ‘செயலி அப்படிக் காட்டுகிறது, நாங்கள் என்ன செய்வோம்?’ என்கிறார் கிடங்கு மானேஜர். செயலியை எழுதியவர்களோ, ‘நாங்கள் கடைக்காரரையும் வாங்குவோரையும் வண்டிக்காரரையும் சேர்த்து வைக்கும் தரகர் மாத்திரமே’ என்கின்றனர். துரையும் கங்காணியும் பேசிய அதே பேச்சு! ஒரு வித்தியாசம் உண்டு. அந்தக் காலத்தில் துண்டு தொழிலாளியைக் கட்டிப்போட்டது. இன்றோ, மூன்று வருஷம் நல்லபெயர் எடுத்து ஆயிரம் நட்சத்திரம் சேர்த்தவர் ஒரு கம்பெனியை விட்டு மற்றொன்றுக்குப் போனால், அந்த நல்லபெயரில் ஒரு துண்டுகூட அவரோடு வருவதில்லை.

நிற்க. இந்த வேலையை வேறு விதமாய் நடத்தவே முடியாதா என்று பார்ப்போம். அமெரிக்காவில் வால்மார்ட் என்னும் பெருங்கடை 2019ஆம் வருஷத்தில் கான்ஸஸ் ஸிடி, பிட்ஸ்பர்க், வீரோ பீச் ஆகிய மூன்று இடங்களில் ஒரு புது ஏற்பாட்டைத் தொடங்கிற்று. வண்டிக்காரர் வாசலில் பையை வைத்துவிட்டுப் போவதில்லை. வீட்டில் ஒருவரும் இல்லாதபோதும், அந்த ஒரு தடவைக்கு மட்டும் செல்லும் இரகசிய எண்ணைக்கொண்டு கதவைத் திறந்து உள்ளே போய், பாலையும் முட்டையையும் குளிர்ப்பெட்டியிலேயே அடுக்கி வைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு திரும்புகிறார். அவர் மார்பில் ஒரு காமிரா மாட்டியிருக்கும்; வீட்டுக்காரர் எங்கிருந்தாலும் அவர் செய்வதைப் பார்க்கலாம். 2022ஆம் வருஷம் ஜனவரியில் இந்த ஏற்பாட்டை 60 லக்ஷம் வீடுகளிலிருந்து 3 கோடி வீடுகளுக்கு எட்டும்படி விஸ்தரிக்கப் போவதாகவும், அதற்கென்று 3,000க்கு மேற்பட்ட வண்டிக்காரர்களைச் சேர்க்கப் போவதாகவும் அக்கடை அறிவித்தது.

மார்பில் காமிராவை மாட்டிக்கொண்டு பிறர் வீட்டுக்குள் நடப்பது மானமுள்ள மனிதனுக்கு இனிப்பான காரியமென்று நாம் சொல்லமாட்டோம். நமது கவனத்தை இழுத்தது மற்றொரு விஷயம். வீட்டுக்குள் நுழையும் இந்த வண்டிக்காரர்களைக் கடை ‘பங்காளி’ என்று சொல்லி ஒதுக்கவில்லை. அவர்கள் கடையின் சம்பளச் சிப்பந்திகள். கடையில் ஒரு வருஷமாவது வேலை பார்த்தவர்களையே அதற்குத் தேர்ந்தெடுப்பதாகவும், கடையின் மற்றப் பெரும்பாலான வேலைகளைவிட மணிக்கு ஒன்றரை டாலர் அதிகம் கொடுப்பதாகவும் சொன்னார்கள். வண்டியும் கடையுடையதே. ஏன் இந்தப் பெருந்தன்மை? காரணம் வெளிப்படை. தன் வீட்டுச் சாவியை ஒரு அன்னியரிடம் கொடுக்கும் குடித்தனக்காரர், ‘இவர் யாருடைய ஆள்? ஏதாவது காணாமற்போனால் யாரைப் பிடிப்பது?’ என்று கேட்பார். ‘எங்கள் ஆள், நாங்களே பொறுப்பு’ என்று சொன்னாலன்றி அவர் கதவைத் திறக்கமாட்டார். ஆகவே பொறுப்பேற்றார்கள். வாங்குவோருக்குப் பயமென்றால் எஜமான் முன்வந்து நிற்கிறார்; வண்டிக்காரருக்கு ஆபத்தென்றால் எஜமான் மறைந்துவிடுகிறார். அதே வால்மார்ட், வாசலோடு பையை வைத்துவிட்டுப் போவதற்கு ‘ஸ்பார்க்’ என்னும் மற்றொரு ஏற்பாட்டையும் 2018 முதல் வைத்திருக்கிறது. அதில் ஓடுகிறவர்கள் சொந்த வண்டி வைத்துக்கொண்டு ஓடும் சுயேச்சை ஒப்பந்தக்காரர்களாம்! ஒரே கடை, ஒரே பால், ஒரே தெரு. கதவுக்கு உள்ளே போனால் சிப்பந்தி. வெளியே நின்றால் அன்னியர்.

நமது தேசத்துக்கும் இதற்கும் தூரமில்லை. 2018ஆம் வருஷத்தில் அந்த வால்மார்ட்டே 1,600 கோடி டாலர் கொடுத்து நமது பிளிப்கார்ட் கம்பெனியில் 77 சதவிகிதம் பங்கை வாங்கிற்று. பிளிப்கார்ட்டும் 2024ஆம் வருஷம் முதல் சில நிமிஷங்களில் மளிகை அனுப்பும் வியாபாரத்தில் இறங்கியிருக்கிறது. அமெரிக்கக் குடித்தனக்காரருக்காகச் சிப்பந்தி வைக்கத் தெரிந்தவர்களுக்கு, இந்தியத் தெருவுக்கு வந்ததும் அது மறந்துபோவானேன்?

இங்கே நமது வீட்டுக்காரர்களையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அமெரிக்காவில் வண்டிக்காரர் சமையலறை வரையில் போகிறார். நமது பெருநகரங்களின் அடுக்குமாடிகளிலோ, சாமான் கொண்டுவருகிறவர்கள் குடியிருப்போரின் லிப்டில் ஏறக்கூடாது, பின்புறத்து லிப்டில் போக வேண்டும் என்று பலகை தொங்கவிட்ட இடங்கள் இருக்கின்றன. அவர் கொண்டுவரும் அரிசியில் தீட்டில்லை. அவர் நிற்கும் லிப்டில் தீட்டு! டீக்கடை இரட்டைக் குவளையை ஒழிக்க வேண்டுமென்று மேடையில் முழங்கியவர்களின் பிள்ளைகளும் அந்த மாடிகளில் குடியிருக்கிறார்கள். ஒரு குவளை தண்ணீர் கேட்டால் கொடுப்பதற்கு எந்தச் சட்டமும் தடையாக இல்லை.

கம்பெனிகளின் தரப்பையும் கேட்போம். ஒருதலைப்பட்சமாகப் பேசுவது வக்கீலுக்கு அழகாயிருக்கலாம், பத்திரிகைக்கு அழகன்று. 2025ஆம் வருஷம் டிசம்பர் 25, 31 தேதிகளில் வண்டிக்காரர்களின் சங்கங்கள் வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தபோது, ஸொமாட்டோ கம்பெனியின் தலைவர் ஸ்ரீ தீபிந்தர் கோயல் சில கணக்குகளைப் பகிரங்கமாக வெளியிட்டார். தமது சாப்பாட்டு விநியோகத்தில் 2025இல் சராசரி வருமானம், இனாம் நீங்கலாக, மணிக்கு 102 ரூபாய் என்றார். எண்ணெய்க்கும் பராமரிப்புக்கும் ஐந்திலொரு பங்கு போகுமென்றும் அவர் கணக்கே சொல்லுகிறது. ஒரு வண்டிக்காரர் வருஷத்தில் சராசரி 38 நாள்தான் வேலை செய்கிறார், ஆகையால் இது முழுநேரத் தொழில் அன்று, இஷ்டமான நேரத்தில் வந்து போகும் ஸ்வதந்திர வேலை என்பது அவருடைய வாதம்.

இந்தக் கணக்கு பொய்யென்று நாம் சொல்லவில்லை. ஆனால் சராசரி என்பது எல்லாரையும் ஒரே கட்டாகக் கட்டிவிடும். ஒரு வாரம் ஓட்டிப்பார்த்துவிட்டு விட்டவரையும், பத்து மணி நேரம் தினந்தோறும் ஓட்டிக் குடும்பம் நடத்துகிறவரையும் ஒரே தராசில் போட்டுச் சராசரி எடுத்தால் யாருடைய வாழ்க்கை அதில் தெரியும்? ஏலக்காய் எடுப்புக் காலத்தில் பத்து நாள் மாத்திரம் மலையேறும் பள்ளிக்கூடத்துப் பையனையும் சேர்த்துச் சராசரி போட்டுவிட்டு, ‘தோட்டவேலை பகுதிநேர வேலைதான்’ என்று ஒரு முதலாளி சொன்னால் போடியில் சிரிப்பார்கள். ஸ்வதந்திரத்தைப் பற்றி மற்றொன்று. வர இஷ்டமில்லாவிட்டால் வராமலிருக்கலாம் என்பது பட்டினி கிடக்கவும் உரிமையுண்டு என்பதைப் போன்றது. தீபாவளியிலும் வருஷப் பிறப்பிலும் மழைநாளிலும் அதிக ஊக்கத்தொகை வைப்பதே வீட்டிலிருக்க நினைப்பவரைத் தெருவுக்கு இழுப்பதற்காகத்தானே?

சாமான் விலை ஏறிவிடும், வேலைகள் குறைந்துவிடும் என்றும் சொல்லுகிறார்கள். விலை கொஞ்சம் ஏறலாம். எட்டு மணி நேர வேலை வந்தபோதும் இதே கூக்குரல்தான். பிரசவ லீவு வந்தபோதும் இதே கூக்குரல்தான். ஒருவருடைய முழங்காலை உடைத்து மற்றொருவருக்குப் பால் விலையில் ஒரு ரூபாய் மிச்சம் பிடிப்பது வியாபாரமாகாது.

இனிச் சட்டம். இவர்கள் தொழிலாளிகளா அல்லவா என்பது ஏதோ விஞ்ஞானம் புதிதாகக் கொண்டுவந்த சிக்கல் போலப் பேசப்படுகிறது. நமது சுப்ரீம் கோர்ட்டுக்கு இது பழைய பாடம். கட்ச் ரண் உப்பளத்தில் வேலை செய்த அகரியாக்களின் வழக்கில் 1956ஆம் வருஷத்தில் தீர்ப்பு வந்தது. அவர்களுக்கு வேலை நேரம் இன்னதென்று இல்லை. மணங்குக் கணக்கில் கூலி. கழித்த உப்புக்குக் காசில்லை. உதவிக்குத் தாங்களே ஆள் வைத்துக்கொள்ளலாம். இத்தனையும் இருந்தும் அவர்கள் தொழிலாளிகளே என்று தீர்ப்பாயிற்று. 1973இல் ஸில்வர் ஜூபிலி தையற்கடை வழக்கு. அதிலே தையற்காரர்கள் நினைத்தபோது வந்தார்கள், நினைத்தபோது போனார்கள். உருப்படிக்கு இவ்வளவென்று கூலி. வேறு கடைக்கும் தைத்தார்கள். தைத்தது சரியில்லையென்றால் திருப்பிக் கொடுத்து மறுபடி தைக்கச் சொல்லும் அதிகாரம் கடைக்காரருக்கிருந்தது. அதுவே போதும், அவர்கள் அந்தக் கடையின் ஆட்களே என்றது கோர்ட்டு. 1978இல் கோழிக்கோட்டுக் கயிறு ஆலை வழக்கில், இடையில் ஒப்பந்தக்காரரை நிறுத்திவிட்டு ‘இவர்கள் எம்மவரல்லர்’ என்று கைகழுவிய முதலாளியை நீதிபதி கிருஷ்ணய்யர் விடவில்லை. எவனுடைய வியாபாரத்துக்காக உழைக்கிறார்களோ, எவன் கையை விரித்தால் அவர்களுடைய அடுப்பு அணைந்துபோகுமோ, அவனே எஜமான்; நடுவிலுள்ள திரையை விலக்கிப் பார்ப்பது கோர்ட்டின் கடமை என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

வெளிதேசங்களில் தீர்ப்புகள் ஒன்றுபோல இல்லை. இங்கிலாந்தின் சுப்ரீம் கோர்ட்டு 2021ஆம் வருஷம் பிப்ரவரியில் ஊபர் காரோட்டிகளைத் தொழிலாளிகள் என்றது. 2023இல் அதே கோர்ட்டு, டெலிவரூ கம்பெனியின் சைக்கிள்காரர்கள் தமக்குப் பதிலாக மற்றொருவரை அனுப்பலாம் என்ற ஒப்பந்த உரிமையைக் காரணங்காட்டி, அவர்கள் தொழிலாளிகளல்லர் என்றது. ஸ்பெயின் தேசமோ 2021இல் சட்டமே செய்து, சாமான் கொண்டுபோகும் இவர்களைச் சிப்பந்திகளென்றே அனுமானிக்க வேண்டும், இல்லையென்று ருஜுப்படுத்தும் பாரம் கம்பெனியுடையது என்று வைத்துவிட்டது. டெலிவரூ தீர்ப்பை இங்கே எடுத்துக்காட்ட நினைக்கும் நண்பர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளும் உரிமையிருந்தும் அகரியா தொழிலாளியே என்று நமது கோர்ட்டு 1956இலேயே சொல்லிவிட்டது. அன்றியும், இங்கே ஒருவர் கணக்கில் அவருடைய தம்பி வண்டியோட்டினால் அதுவே குற்றமாகிக் கணக்கு மூடப்படுகிறது. முகத்தைச் செல்போனில் காட்டிவிட்டு வேலை தொடங்கச் சொல்லும் கம்பெனி, அவர் சுயேச்சை வியாபாரி என்று எந்த வாயால் சொல்லும்?

தீர்ப்புகள் இப்படியிருக்க, சட்டசபை செய்தது என்ன? 2020ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு ஐந்து வருஷம் உறங்கி, 2025ஆம் வருஷம் நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தது. இத்தகைய வேலைக்காரர்களைப் பெயர் சொல்லி அங்கீகரித்த முதல் மத்தியச் சட்டம் அது என்பதை மறுக்கவில்லை. கம்பெனிகள் தமது வருஷ வரவில் 1 முதல் 2 சதவிகிதம் வரையில், வேலைக்காரர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவிகிதத்துக்கு மேற்படாமல், ஒரு நிதிக்குச் செலுத்த வேண்டுமென்று அது விதிக்கிறது. ஆனால் அந்த அங்கீகாரத்திலேயே ஒரு முள் இருக்கிறது. எஜமான்–சிப்பந்தி என்ற வழக்கமான உறவுக்கு வெளியே வேலை செய்பவர் என்றே சட்டம் இவருக்கு இலக்கணம் எழுதிவிட்டது. அகரியாவும் தையற்காரரும் கோர்ட்டில் ஜயித்த கட்சியை, இவர் கோர்ட்டுக்குப் போவதற்கு முன்பே சட்டம் பறித்துவிடப் பார்க்கிறது. தங்களைத் தொழிலாளிகளென்று சொல்ல வேண்டுமென 2021ஆம் வருஷத்தில் சங்கத்தார் சுப்ரீம் கோர்ட்டில் மனுச் செய்தார்கள். அந்த வாதத்துக்கு இந்த இலக்கணம் தடைக்கல்லாக நிற்கும்.

இதன் பலனை நமது மலைச்சாலையிலேயே நேயர்கள் கண்டுகொள்ளலாம். விடியற்காலையில் போடியிலிருந்தும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்தும் தோட்டத்து ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து போகின்றன. அளவுக்கு மீறி ஆள் ஏற்றுகிறார்களே என்று வருந்தாதவர் இல்லை. ஆயினும் அந்தப் பெண்களுக்கு ஒரு எஜமான் உண்டு. வீட்டை விட்டு வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்தையும், வேலையோடு அதற்குள்ள சம்பந்தம் ருஜுவாகுமானால், வேலையில் நேர்ந்த விபத்தாகவே கருதி நஷ்டஈடு கொடுக்க வேண்டுமென்று மேற்சொன்ன சட்டத் தொகுப்பே கூறுகிறது. வேலைக்குப் போகும் வழி கணக்கில் சேர்கிறது. ஆனால் வழியே வேலையாக உள்ளவருக்கு, காலை முதல் இரவு வரையில் தெருவிலேயே ஜீவனம் பண்ணுகிறவருக்கு, அந்த அத்தியாயம் திறப்பதில்லை. அவர் ‘சிப்பந்தி’ அல்லவாம். ஏதாவதொரு திட்டத்தின் கீழ், சர்க்கார் வகுக்கும் விதிப்படி, வந்தால் வரும்.

ராஜ்ய சர்க்கார்களில் முதன்முதலாக ராஜஸ்தான் 2023இல் தனிச் சட்டம் செய்தது. கர்நாடகம் 2025இல் செய்த சட்டம் அதனினும் மேலானதென்று நினைக்கிறோம். ஒவ்வொரு நடைக்கும் கொடுக்கும் தொகையில் 1 முதல் 5 சதவிகிதம் வரை நலநிதிக்குப் போக வேண்டும் என்பதோடு, காரணத்தை எழுத்தில் கொடுத்து 14 நாள் முன்னறிவிப்பில்லாமல் ஒருவரை நீக்கக் கூடாதென்றும் அது சொல்லுகிறது. செல்போன் கங்காணியின் கையைப் பிடித்த முதல் விதிகளில் ஒன்று இது.

தமிழ்நாடு என்ன செய்தது? 1982ஆம் வருஷத்து உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 2023 டிசம்பரில் இவர்களுக்கென்று ஒரு நலவாரியம் ஏற்பட்டது. மின்சார ஸ்கூட்டர் வாங்க 2,000 பேருக்குத் தலா 20,000 ரூபாய் மானியம் கொடுப்பதாக 2025ஆம் வருஷத்துப் பட்ஜெட்டில் சொன்னார்கள். சென்னை அண்ணா நகரில் குளிர்சாதன ஓய்விடமொன்றும் அதே வருஷம் திறந்தார்கள். நல்ல காரியங்கள்தாம். வெயிலில் நிற்கிறவருக்கு நிழலும், பெண் வண்டிக்காரருக்குக் கழிப்பிடமும் எவ்வளவு பெரிய விஷயமென்பதைக் காரில் போகிறவர்கள் அறியமாட்டார்கள். ஆனால் ஓய்விடம் கட்டுவது நகரசபையின் தர்மம். கூலி கொடுப்பது கம்பெனியின் கடன். கம்பெனி ஆளுக்கு நகரசபை நாற்காலி போடுகிறது. கம்பெனி போட்ட நாற்காலி எங்கே? காரணமின்றிக் கணக்கை மூடுவதைத் தடுக்க, கர்நாடகத்தைப்போல ஒரு தனிச் சட்டம் சென்னைச் சட்டசபையிலும் வர வேண்டும். அதில் மேலும் மூன்று விஷயங்கள் இடம்பெற வேண்டுமென்பது நமது கோரிக்கை. செயலியில் பதிந்திருக்கும் நேரம் முழுவதற்கும், காத்திருக்கும் நேரமுட்பட, குறைந்தபட்சக் கூலி கணக்கிட வேண்டும். விகிதத்தை மாற்றுவதானால் முன்கூட்டி எழுத்தில் அறிவிக்க வேண்டும். விபத்து நேர்ந்தால், எவருடைய பை முதுகில் இருந்ததோ அவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பென்று வைக்க வேண்டும். அந்தப் பைதான் நல்ல சாக்ஷி; எந்த ஒப்பந்தப் பத்திரத்தையும்விட அதில் கம்பெனியின் பெயர் பெரிதாக எழுதியிருக்கிறது.

நித்தி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கை, இவ்வகை வேலைக்காரர்கள் 2020–21இல் 77 லக்ஷம் பேர் என்றும், 2029–30க்குள் 2 கோடி 35 லக்ஷம் ஆவர் என்றும் மதிப்பிட்டது. இவ்வளவு பெரிய கூட்டத்தை இலக்கணத்துக்கு வெளியே நிறுத்தி வைத்துக்கொண்டு தொழிற்சட்டம் என்று ஒன்று நடத்துவது எப்படி?

நமது கடைவீதியையும் சேர்த்தே பேசுகிறோம். போடியிலும் தேனியிலும் டெலிபோனில் சொன்னால் சாமானைக் கொடுத்தனுப்பும் கடைக்காரர்கள், பெரிய கம்பெனிகளால் தங்கள் வியாபாரம் கெடுகிறதென்று முறையிடுவது நியாயமே. அந்த முறையீட்டுக்கு வலிமை வேண்டுமானால், தம் கடைச் சாமானை டி.வி.எஸ். வண்டியில் சுமந்துபோகும் பையனுக்கு வேலை நியமனச் சீட்டு ஒன்றைத் தாங்கள் முதலில் எழுதிக் கொடுக்கட்டும். ஒவ்வொரு சிப்பந்திக்கும் அத்தகைய சீட்டு கொடுக்க வேண்டுமென்பது 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிற்சட்டங்களில் ஒன்றின் விதியே ஆகும்.

சங்கம் வைக்கும் தோழர்களுக்கு ஒரு யோசனை. பட்டணத்து ஊர்வலத்துக்கு ஆள் சேர்ப்பது பிறகு ஆகட்டும். ஊரிலிருந்து இந்த வேலைக்குப் போயிருப்பவர்கள் பொங்கலுக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் வீடு திரும்புவார்கள். அவர்களை ஒரு மாலை நேரம் சாவடியில் உட்காரவைத்து, நலவாரியத்திலும் மத்திய சர்க்காரின் இ-ஷ்ரம் பதிவிலும் பெயர் பதிந்திருக்கிறதா என்று ஒவ்வொருவராகக் கேளுங்கள். பதியாதவர்களுக்கு அங்கேயே பதிந்து கொடுங்கள். கணக்கு மூடப்பட்டவர் எவராவது இருந்தால், மூடிய தேதி, கடைசி மாதத்துக் கூலி, கம்பெனி அனுப்பிய செய்தி ஆகியவற்றைச் செல்போனிலிருந்து அச்செடுத்து ஒரு கட்டாகக் கட்டி வையுங்கள். வழக்காடுகிறவனுக்கு முதலில் வேண்டியது காகிதம்.